வால்வு வைக்காத குழாய்

ஒரு கண்ணின் விலை, அந்த வருஷத்து நிலவரப்படி, பதினொரு மூட்டை கட்பீஸ் துணி. அது வால்வு வைத்த குழாய்க்கு. வால்வு வைக்காத குழாய் என்றால் மூன்று மூட்டையில் வேலை முடிந்துவிடும். இரண்டும் கண்ணுக்குள் ஏறிப்போன அழுத்தத்தை வடித்துவிடுகிற சாமான்கள். ஒரு சின்னத் தட்டு, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய். பெரியது என்றால் கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும்.

டாக்டரம்மா பதினொரு மூட்டைச் சாமானைச் சொல்லியிருந்தால் கட்பீஸ்காரர் ஒன்பதுக்குக் கேட்டிருப்பார். பத்தில் படிந்திருக்கும். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். அந்த அம்மா, மூன்று மூட்டைச் சாமான்தான் உங்களுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். தகராறு அங்கே ஆரம்பித்தது.

எங்கள் கடைத்தெருவில், விலை குறைந்த சரக்கை ஒரு வியாபாரி தானாக எடுத்துக் காட்டினால் அதற்கு இரண்டே காரணம்தான். சரக்கு பழசு, தள்ளிவிடப் பார்க்கிறான். அல்லது வந்தவனின் செருப்பைப் பார்த்து, இவனுக்கு இதற்கு மேல் வக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டான். முதலாவது ஏமாற்று, இரண்டாவது அவமானம். அந்தச் சரக்கே நல்லதாக இருந்து தொலைக்கலாம் என்று இந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. கட்பீஸ்காரர் இந்தத் தெருவிலேயே பிறந்து, இந்தத் தெருவிலேயே பல் முளைத்து, இந்தத் தெருவிலேயே அந்தப் பல்லில் பாதியை உதிர்த்தவர்.

கட்பீஸ் வியாபாரம் வெளியிலிருந்து பார்த்தால் குப்பை வியாபாரம். மில்லில் அளவுக்கு வராத துண்டுகள், சாயம் சரியாக ஏறாத ஓரங்கள், தையல் கம்பெனி திருப்பி அனுப்பியவை, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி ஏலம் விடுவார்கள். மூட்டையைப் பிரிக்கக் கூடாது. பக்கவாட்டில் ஒரு கையை நுழைத்து, துணியை விரலில் நெருடிப் பார்த்து விலை சொல்ல வேண்டும். கடைக்குக் கொண்டுவந்து பிரித்தால் நிறங்கள் கொட்டும். நமக்கெல்லாம் ஒரே நீலமாகத் தெரிவதில் அவருக்கு ஐந்து நீலம் தெரியும். வாசல் வெளிச்சத்தில் நின்று அவற்றைப் பிரித்து அடுக்குவது அவர் வேலை. அளந்து, வெட்டி, விலை பேசி, கட்டிக் கொடுப்பது அவர் மனைவியின் வேலை. தெருவுக்கே அவர் அக்கா. கத்திரிக்கோல் எப்போதும் வலது கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு விலை பேசுவதால் எதிராளி சீக்கிரம் படிந்துவிடுவான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

கட்பீஸ்காரரின் இடது கண் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் வலது கண்ணில் பஞ்சு விழுந்து, அதைக் கசக்கிக்கொண்டே இடது கண்ணால் கடையைப் பார்த்திருக்கிறார். கடையைக் காணோம். அடித்துப்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு டாக்டரம்மா சொன்னது இதுதான்: கண்ணுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். உங்களுக்கு வடிகால் அடைத்துவிட்டது. அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கிற நரம்பு நசுங்குகிறது. வலி கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து அரிக்கும், நடுவைக் கடைசிவரை விட்டுவைக்கும்.

இந்த நடுதான் அவரைக் கெடுத்தது. வலது கண்ணின் நடு சுத்தமாக இருந்தது. துணியின் ஓரத்தில் மில்காரன் அடித்த பொடி எழுத்தை எட்ட வைத்துக்கொண்டே படிப்பார். படித்துவிட்டுத் திரும்பினால் ஸ்டூலில் இடித்துக்கொள்வார்.

"இந்த ஸ்டூலை யாரு இங்க வெச்சது?"

"கடை தொறந்த நாள்லேருந்து அங்கதாங்க இருக்கு," என்பார் அக்கா.

"அப்ப யாரோ நகத்தியிருக்காங்க."

"ஆமா. சுவத்தையும் சேத்து நகத்தியிருக்காங்க."

வலது கண்ணுக்கு முதலில் சொட்டு மருந்து போட்டார்கள். பிறகு இரண்டு சொட்டு, பிறகு நாலு. அதற்கும் அடங்காமல் ஒரு ஆபரேஷன். கண்ணின் வெள்ளையில் சின்னதாக ஒரு வழி வெட்டி விட்டார்கள், தண்ணீர் வடியட்டும் என்று. அது சில மாதத்தில் மூடிக்கொண்டது. "உங்க உடம்பு ரொம்ப நல்லா ஆறுது. அதுதான் பிரச்சினையே" என்றார் டாக்டரம்மா. உடம்பு நன்றாக இருப்பதையும் குறையாகச் சொல்கிற இடம் ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

அப்புறம் மாத்திரை. அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்தது. ஆனால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தது. டீ, பித்தளைத் தம்ளரை நக்கின மாதிரி இருந்தது. டீயை விட்டுவிடலாம். விரலை எங்கே விடுவது? மூட்டைக்குள் கையை நுழைத்தால் பருத்தியும் ஒன்றுபோல, பாலியெஸ்டரும் ஒன்றுபோல. கண்ணைக் காப்பாற்றக் கொடுத்த மாத்திரை கையைப் பிடுங்கிக்கொண்டதே என்று அவர் அந்தக் கோடை முழுவதும் புலம்பினார். ஜன்னல் இல்லாத கடை. மேலே தகரம். துணி மூட்டைக்குள் உட்கார்ந்திருப்பது அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பது போல. அதற்குள் இந்தப் புலம்பலும் சேர்ந்தால் அக்காவின் கையில் கத்திரிக்கோல் தானாகவே திறந்து திறந்து மூடும்.

அப்படி ஒரு வெயில் நாளில்தான் டாக்டரம்மா குழாய் விஷயத்தை எடுத்தார். அதற்கு முன் ஒரு மெஷினில் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்கிற சோதனை ஒன்று நடந்தது. கட்பீஸ்காரர் புள்ளி வருவதற்கு முன்பே அழுத்தினார். ஏலத்தில் பழகிய கை. தாமதித்தால் அடுத்தவன் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

"இதுல பாதி நீங்க பாக்காமலே அழுத்தினது," என்றார் டாக்டரம்மா, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. "மெஷின் கண்டுபிடிச்சுடுச்சு."

"எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது டாக்டரம்மா."

"நல்லாத் தெரியுதுன்னு சொன்னா மருந்து விலை குறையும்னு நினைக்கிறீங்களா?"

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். கட்பீஸ்காரர் நினைத்தது அதுதான். வாங்க வந்தவன் தேவையை வெளியில் காட்டினால் விலை ஏறும் என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு.

"சரி, விஷயத்துக்கு வரேன்," என்றார் டாக்டரம்மா. "சொட்டு, மாத்திரை, போன ஆபரேஷன், மூணும் கைவிட்டுடுச்சு. இனி குழாய்தான். மேல் இமைக்குக் கீழ, கண்ணோட வெள்ளை மேல ஒரு தட்டைத் தைப்போம். அதுலேருந்து குழாய் கண்ணுக்கு முன்பக்கம் போகும். தண்ணி அது வழியா வடியும். வெளியில பாத்தா யாருக்கும் தெரியாது."

"எவ்வளவு?"

டாக்டரம்மா இரண்டு விலையும் சொன்னார்.

"ரெண்டுல எது உசத்தி?"

"உசத்தி மட்டம்னு இல்ல. வால்வு வெச்சது உடனே வேலை செய்யும். ஆனா பல பேருக்கு, நாளாக ஆக, ஒரு அளவுக்குக் கீழ அழுத்தம் இறங்காது. வால்வு இல்லாதது மெதுவாத்தான் வேலை செய்யும். முதல் அஞ்சாறு வாரம் குழாயை நூலால கட்டி வெச்சிருப்போம். தட்டைச் சுத்தி உள்ள சதை படிஞ்சப்புறம் நூல் தானா கரைஞ்சு விட்டுக்கும். அப்புறம் நல்லா இறங்கும். உங்க நரம்புல மிச்சம் இருக்கறது கொஞ்சம். உங்களுக்கு நல்லாக் கீழ இறங்கணும். அதனால வால்வு இல்லாததுதான் சரி."

"கட்டி வெச்ச குழாய்."

"ஆமா."

"வேலை செய்யாத குழாய்."

"முதல்ல வேலை செய்யாது. அப்புறம் செய்யும்."

கட்பீஸ்காரர் எழுந்தார். கும்பிட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி மெதுவாக நடந்தார். மிக மெதுவாக. எங்கள் தெருவில் அப்படி நடப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு. வாசல்படியைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து "அட வாங்க, என்ன கோவம், உள்ளே நல்ல சரக்கு இருக்கு, பாருங்க" என்று குரல் வர வேண்டும். அவர் கதவுப் பிடியில் கையை வைத்து நின்றார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வெயில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அக்கா பேசினார்.

"ஏங்க, அந்தம்மா மூணு மூட்டைன்னு சொன்னா சந்தோசமா ஒத்துக்கிட்டு வர வேண்டியதுதானே?"

"நீ கடையில எத்தனை தடவை மட்டமான துண்டை எடுத்து, 'இதுதான் உங்க உடம்புக்குப் பொருத்தம்'னு சொல்லியிருக்கே?"

"அது வியாபாரம்."

"இது மட்டும் என்ன?"

வீட்டில் அக்காவின் தம்பி காத்திருந்தான். பழைய மெஷின், பழைய கட்டில், பழைய வண்டி, எதுவானாலும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக் கைமாற்றி விடுகிற தரகன். விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டினான்.

"மச்சான், நான் சொல்லட்டுமா? ஆஸ்பத்திரியில அந்தச் சாமான் பெட்டி பெட்டியா தேங்கிக் கெடக்கும். உங்க தலையில கட்டப் பாக்கறாங்க."

"அதான் மாப்ள நானும் நெனச்சேன்."

"பெரிய ரோட்டுல புதுசா ஒரு கண் ஆஸ்பத்திரி வந்திருக்கு. ஏசி. உள்ளே போனா செருப்பைக் கழட்டணுமான்னே சந்தேகம் வரும். அங்க கேப்போம்."

"டேய் தம்பி," என்றார் அக்கா, "அங்க உனக்கு என்ன கமிஷன்?"

"அக்கா! மச்சானோட கண்ணுல நான் கமிஷன் வாங்குவேனா?"

"நல்ல கண்ணா இருந்தா வாங்க மாட்டே."

பெரிய ரோட்டு ஆஸ்பத்திரியில் வால்வு வைத்ததையே வைக்கலாம் என்றார்கள். பதினொரு மூட்டைக்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாளைக்கே வரலாம் என்றார்கள். கட்பீஸ்காரர் முகம் சுருங்கிப் போய் வெளியே வந்தார்.

"இப்ப என்ன மச்சான்? கேட்டதைத் தரேங்கறாங்களே."

"அதான் மாப்ள இடிக்குது. கேட்டதும் குடுத்துட்டான். ஒரு வார்த்தை தயங்கல. அப்படிக் குடுக்கற சரக்குல என்னமோ இருக்கு."

குறைத்துச் சொன்னவரையும் நம்பவில்லை, கேட்டதைக் கொடுத்தவனையும் நம்பவில்லை. இடையில் மழை வந்துவிட்டது. மழைக்காலம் எங்கள் தெருவில் மூட்டை பிடிக்கிற காலம். துணி ஈரம் வாங்கி எடை கூடும், காய்வதற்குள் விற்றுவிட வேண்டும் என்று மில்காரர்கள் அவசரமாக ஏலம் போடுவார்கள். "இந்த ஏலம் முடியட்டும்," என்றார். அது முடிந்ததும், "அடுத்த ஏலம் முடியட்டும்." நாலு சொட்டு மருந்தும் போட்டார், மாத்திரையும் விழுங்கினார், கையை உதறிக்கொண்டே நிறம் பிரித்தார். மழை வெளிச்சத்தில் நிறம் எல்லாமே ஒரு படி இருட்டும். "மழைன்னா அப்படித்தான்," என்று அதற்கும் கணக்குச் சொன்னார்.

அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கடையைப் பாதியில் விட்டு, தனியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டு வரேன். நீங்க முடியாதுன்னு சொல்லிடுங்க."

"என்ன முடியாது?"

"குழாய் வெக்க முடியாதுன்னு. 'ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதையும் வேற ஆளுக்கு எடுத்து வெச்சுட்டேன், உங்களுக்குத் தர்றதா இல்ல'ன்னு சொல்லுங்க. அன்னைக்கே படுத்துக்குவாரு. சண்டை போட்டு வெச்சுக்குவாரு."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. "அம்மா, நான் பொய் சொல்லி அவரைப் படுக்க வெச்சா, ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாறு வாரம் ஒரு பலனும் தெரியாம உக்காந்திருக்கும்போது அவர் என்னை எப்படி நம்புவார்?"

"நம்பறதா? நாங்க யாரையும் நம்பி எதுவும் வாங்கினதில்லையே. சரக்கைப் பாத்துத்தான் வாங்குவோம்."

"இங்க சரக்கு கண்ணுக்குத் தெரியாதும்மா. அதான் என் கஷ்டமே. இந்த ஆபரேஷன் பண்ணினா புதுசா ஒண்ணும் தெரியாது. போனது வராது. இருக்கறது போகாம நிக்கும், அவ்வளவுதான். அதுவும் நிக்கும்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. நல்லா இருக்கறதா அவர் சொல்லச் சொல்ல, உள்ள கரைஞ்சுக்கிட்டே இருக்கு. நான் கத்தவா முடியும்?"

"கத்திப் பாருங்களேன்."

"கத்தினா மட்டும் கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு," என்று அக்கா ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே ஆளிடம் தோற்றுப்போனவர்கள்.

அதற்குப் பிறகு வந்த ஏலம், மில் பின்கட்டில். தகரக் கொட்டகை, மேலே மழை. ஒரு சட்டைக் கம்பெனி திருப்பிய நீலத் துணி, நாற்பது மூட்டை, மொத்தமாக ஒரே லாட். அந்த நீலம் கிடைத்தால் வருஷம் ஓடிவிடும். வியாபாரிகள் கொட்டகையில் அரைவட்டமாக நின்றார்கள். கட்பீஸ்காரர் நடுவில். தரகன் டீ வாங்கப் போயிருந்தான். மில் ஏலக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்று மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

கட்பீஸ்காரர் கிலோவுக்கு நாற்பது ரூபாய் என்றார். "நாப்பத்தி ஒண்ணு," என்றார் ஏலக்காரர். கட்பீஸ்காரர் எதிரே பார்த்தார். எதிரே ஒரு கையும் உயர்ந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு என்றார். "நாப்பத்தி மூணு," என்றார் ஏலக்காரர். மறுபடியும் பார்த்தார். ஒருத்தர் மூக்கைத் துடைத்தார், ஒருத்தர் குடையை உதறினார். ஒருத்தரும் கேட்கவில்லை. நாற்பத்தைந்து என்றார். "நாப்பத்தி ஆறு!"

இல்லாத ஆளை வைத்து விலை ஏற்றுவது ஏலக்காரர்களின் பழைய வித்தை. கட்பீஸ்காரர் அதைப் பத்து மில்லில் பார்த்து, பத்திலும் கையும் களவுமாகப் பிடித்தவர். இப்போதும் அவர் ரத்தம் கொதித்தது.

"யோவ்! யாருய்யா கேக்கறா? யாருமே கேக்கல. யாரை வெச்சு ஏத்தற நீ? கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா?"

ஏலக்காரர் கட்பீஸ்காரரின் வலது பக்கத்தைப் பார்த்தார். எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள்.

"அண்ணே," என்று தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "நான்தான் கேக்கறேன்."

ஒத்தவிரல். போர்வைக் கடைக்காரர். வாயைத் திறக்காமல் ஒரே ஒரு விரலைத் தூக்கியே ஏலம் கேட்பதால் அந்தப் பெயர். கட்பீஸ்காரர் தலையைத் திருப்பினார். திருப்பத் திருப்ப, முதலில் ஒரு விரல், அப்புறம் ஒரு கை, சட்டை, அதிலிருந்து வந்த பூச்சி உருண்டை வாசனை, அப்புறம் முகம். கையை நீட்டினால் தொடுகிற தூரம். ஏலம் ஆரம்பித்ததிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறார்.

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. காலங்காலமாக ஒரு லாட்டைக்கூட விட்டுக்கொடுக்காத ஒத்தவிரல், தூக்கின விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"வேணும்னா நீங்களே எடுத்துக்கங்கண்ணே. நான் இன்னொண்ணு பாத்துக்கறேன்."

கட்பீஸ்காரர் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி நடந்தார். இரண்டு கையிலும் டீயோடு எதிரே வந்த தரகன், "மச்சான், லாட் நமக்கா?" என்று கேட்டான். இரண்டு டீயையும் தானே குடித்துவிட்டுப் பின்னால் ஓடினான்.

கடையில் அக்கா துண்டை எடுத்துக் கொடுத்தார். அவர் தலையைத் துவட்டவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு முழு ஆளு காணாமப் போயிட்டான். பக்கத்துலயே நிக்கறான். காணோம்."

"யாரு?"

"ஒத்தவிரல்."

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "ஒத்தவிரல் இன்னைக்குத்தான் காணாமப் போனாரு. நான் எப்பவோ காணாமப் போயிட்டேன். தினமும் உங்க வலது பக்கம்தானே நிக்கறேன்? நீட்டின துணியைப் பாக்காம, 'எங்க போய்த் தொலைஞ்சே'ன்னு எத்தனை தடவை கத்தியிருக்கீங்க? நானும் ஒவ்வொரு தடவையும் முன்னால வந்து வந்து நின்னேன். அதுதான் நான் பண்ணின தப்பு. வராம இருந்திருக்கணும்."

மழை விட்டு, ஓடையில் தண்ணீர் போகிற சத்தம் வந்தது. அவர் கேட்டார், "நாளைக்கு அந்தம்மா இருப்பாங்களா?"

"எந்தச் சாமான் வேணும்னு சொல்லப்போறீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? துணின்னா எனக்குத் தெரியும்."

மறுநாள் மெஷினில் முகத்தை வைத்து, தெரிந்தபோது மட்டும் பொத்தானை அழுத்தினார். நெடுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா இருத்தல், வெளியே நின்ற அக்காவுக்குத் தாங்கவில்லை. டாக்டரம்மா மூன்று மாதத்துக்கு முந்தைய காகிதத்தையும் இன்றையதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் நடுவில் வெளுப்பு, சுற்றிக் கறுப்பு. இன்றையதில் வெளுப்பு இன்னும் சுருங்கியிருந்தது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. நிறம் பிரிப்பவரிடம் நிறத்தைக் காட்டிவிட்டார்கள்.

"அன்னைக்கு நான் பொய்யா அழுத்தினேனே. அதுல வெளுப்பாத் தெரியறது கொஞ்சம் பொய்."

"கொஞ்சம் பொய். மத்தது நிஜமாப் போனது."

"அன்னைக்கே படுத்திருந்தா?"

"எல்லாம் நின்னிருக்கும்னு சொல்ல மாட்டேன். நிறைய நின்னிருக்கும்."

"மூணு மூட்டைச் சாமானையே வைங்க," என்றார் கட்பீஸ்காரர். வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைத்துக் கேட்காமல் பணத்தைக் கட்டினார். அக்காவுக்கு அது பயமாகவே இருந்தது.

ஆபரேஷன் மேஜையில் அவருக்கு நினைவு இருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப் போகச் செய்திருந்தார்கள். முகத்தின் மேல் பச்சைத் துணி. என்ன ரகம் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டார். மட்டமான ரகம். மேலே டாக்டரம்மாவின் குரல்: "தட்டு தெச்சாச்சு. குழாய் உள்ள போயிடுச்சு. இப்ப குழாய் மேல ஒரு சின்னத் துண்டு வெச்சுத் தைக்கறேன். உறுத்தாம இருக்க."

"என்ன துண்டு?"

"கண்ணு தானம் குடுத்துட்டுப் போனவர் ஒருத்தரோட கண் வெள்ளை."

"கட்பீஸ்," என்றார்.

"பேசக் கூடாது. கண்ணு ஆடுது."

அடுத்த ஐந்தாறு வாரத்தை அந்தக் குடும்பம் எப்படிக் கடந்தது என்று கேட்டால் அக்கா இன்றைக்கும் பல்லைக் கடிப்பார். குனியக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, தும்மல் வந்தால்கூட வாயைத் திறந்து தும்ம வேண்டும். கண்ணின் மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி. மாத்திரை நிற்கவில்லை, விரலில் எறும்பும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை போய்ச் சோதித்தாலும் அழுத்தம் பழைய இடத்திலேயே இருந்தது.

"பூட்டோட சாமான் வித்திருக்காங்க," என்று கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் கட்பீஸ்காரர் சொன்னார். "சாவி தபால்ல வருமாம்."

"மச்சான்," என்று ஆரம்பித்தான் தரகன், "அந்தப் பதினொரு மூட்டைச் சாமானா இருந்தா, இந்நேரம் ஜம்முனு..."

"டேய்," என்றார் அக்கா, "இன்னொரு வார்த்தை பேசினே, இந்தக் கத்திரிக்கு இன்னைக்கு வேற வேலை குடுப்பேன்."

பிறகு ஒரு காலை. எழுந்து பார்த்தால் உலகம் முழுக்கப் பாலில் முக்கி எடுத்தது போல. அவர் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "போச்சு," என்று மட்டும் சொன்னார். அக்கா அவரை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா சோதித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நூல் விட்டுடுச்சு. அழுத்தம் ஒரேயடியா இறங்கிடுச்சு, அதான் மங்கல். கொஞ்ச நாள் கவனமாப் பாத்துக்கணும். எனக்கும் கொஞ்சம் பயம்தான். மறைக்கல."

அது மேலும் சில வாரம். கண் தெளிவதும் மங்குவதுமாக விளையாடியது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவழியாக அழுத்தம், டாக்டரம்மா எதிர்பார்த்த பன்னிரண்டில் வந்து நின்றது. அடுத்த முறையும் பன்னிரண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா முகத்தில் முதல்முறையாக வியாபாரம் படிந்த களை.

கட்பீஸ்காரர் முகத்தில் இல்லை.

"அப்ப எனக்கு என்ன கெடச்சுது டாக்டரம்மா?"

"சொன்னேனே. இருக்கறது நிக்கும்."

"ஒரு நூல் அகலம் கூட ஏறலையே. அறுத்து, தெச்சு, இத்தனை வாரம் குனியாம நிமிராம உக்காந்து..."

"ஏறாதுன்னும் சொன்னேன்."

"சொன்னீங்க," என்றார் எரிச்சலோடு. சரியாகச் சொன்ன ஆளிடம் சண்டை போட வழியில்லை. எங்கள் தெருவில் அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. "காசு குடுத்துட்டு வெறுங்கையோட வர்றது எனக்கு இதுதான் முதல் தடவை."

"மூணு மாசத்துக்கு ஒருதரம் வாங்க. சொட்டு ஒண்ணு மட்டும் விடாதீங்க. குழாய் இருக்குன்னு மெத்தனமா இருந்துடாதீங்க, அதுவும் சில சமயம் அடைச்சுக்கும்."

"அதுக்கும் காரண்டி இல்ல."

"இல்ல."

அன்று மாலை கடையில் அக்கா அவருக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. வலது பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இந்தப் பக்கம்," என்று மட்டும் சொன்னார். அவர் தலையை முழுக்கத் திருப்பி, துணியை வாங்கினார். பழகவில்லை. எரிந்து விழுந்தார். அக்காவும் திருப்பி எரிந்து விழுந்தார். வாசலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஐந்து நீலத்தையும் எடுத்து வைத்துப் பிரித்தார். கை குறுகுறுக்கவில்லை. ஐந்தும் ஐந்தாகவே இருந்தன. அதைக் கண்டு சந்தோஷப்படவும் அவருக்கு மனசு வரவில்லை. போன வருஷமும் ஐந்துதான்.

கதவை இழுத்துச் சாத்துவதற்கு முன், கடை மூடும்போது எப்போதும் செய்கிற மாதிரி, அக்கா கேட்டார். "சொல்லுங்க. வரவு?"

"எதுல?"

"கண்ணுலதான்."

அவர் தெருவைப் பார்த்தார். தெருவின் நடுவில் ஒரு துண்டு மட்டும், யாரோ அளந்து வெட்டிக் கொடுத்தது போலத் தெரிந்தது.

"வரவு ஒண்ணும் இல்ல."

"செலவு?"

"மூணு மூட்டை. அப்புறம் உன் பொறுமை."

"அது எப்பவோ தீந்துடுச்சு. அதைச் சேக்காதீங்க. இருப்பு?"

"ஒரு ஆள் அகலம்."

"போதும். கடைக்கு ஒவ்வொருத்தராத்தான் வர்றாங்க. பாக்கி?"

அவர் கடைசி நீலத்தை மடித்தார். ஓரம் சரியாக வரவில்லை. உதறிவிட்டு மறுபடியும் மடித்தார்.

"தள்ளிப்போட்ட மூணு மாசம்," என்றார்.

"யாரு பேர்ல?"

"என் பேர்லதான். வசூலாகாது."